ஊக்கத்தொகையும் ஊக்கமருந்தும்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்பே இருவகை மக்கள் சாலைக்கு வந்துவிடுகின்றனர். ஏலத்தோட்டக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி, போடிமெட்டு வழியாகவும் மலையேறுகின்றனர். அதே இருட்டில் காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆள்சேர்ப்புக்கும் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் சாலையோரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றனர். பல வீடுகளில் ஜீப்பில் செல்பவர் தாய். ஓடுபவர் மகன் அல்லது மகள்.

இனி வரும் காட்சி தனியொருவரின் கதை அன்று. மருத்துவர்கள் பலரிடம் காண்பதை ஒன்றாக்கி வரைந்த சித்திரம். இருபது வயது இளைஞர் ஒருவரை அவருடைய தாய் அழைத்து வருகிறார். கண்கள் மஞ்சளாக உள்ளன, உடலெங்கும் அரிப்பு. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் இருந்து பார்த்தும் குறையவில்லை. இரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலை உறுதியாகிறது. ஆனால் அதற்குரிய வைரசுகள் எவையும் தென்படவில்லை. மதுப்பழக்கமும் இல்லை. “வேறு ஏதேனும் மாத்திரையோ, பொடியோ, ஊசியோ எடுத்துக்கொண்டீர்களா?” என்று மருத்துவர் கேட்கிறார். இளைஞர் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிகிறார். தாய் வெளியே சென்ற பின்னரே விடை வருகிறது. உடலில் வலுவேறுவதற்காக ஆறு வாரமாக ஒரு மாத்திரையை விழுங்கி வந்திருக்கிறார். “எல்லாரும் போடுறாங்க டாக்டர். நான் மட்டும் போடலைன்னா எப்படி?”

அக்கேள்வியை நாங்கள் எளிதில் ஒதுக்கிவிட விரும்பவில்லை. ‘ஊக்கமருந்து கெடுதல் தரும்’ என்பது அவ்விளைஞருக்கும் ஓரளவு தெரியும். தெரிந்தும் உட்கொள்ளத் தூண்டியது எது? அத்தூண்டுதலில் பயிற்சியாளருக்கும் பரிசளிப்போருக்கும் வீட்டாராகிய நமக்கும் என்ன பங்கு? இக்கட்டுரையில் இவற்றையே ஆராய முற்படுகிறோம்.

ஒரே வேரிலிருந்து இரு சொற்கள்

‘ஊக்கம்’ என்பது தமிழில் பெருமைக்குரிய சொல். திருக்குறளில் ‘ஊக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அவ்வேரிலிருந்து நம் காலத்தில் இரு சொற்கள் கிளைத்துள்ளன. ஒன்று ஊக்கத்தொகை, மற்றொன்று ஊக்கமருந்து. முன்னதை மேடையில் மாலையிட்டு வழங்குகிறோம். பின்னதைக் கண்டால் தலைகுனிகிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் மாவட்டத்தாருக்கு இத்தொடர்பை விளக்குவது எளிது. பெரியகுளம் பகுதியின் மாம்பழத்தை அறியாதவர் இல்லை. மாங்காய் மரத்திலேயே முதிர்ந்து பழுப்பதற்குக் காலம் பிடிக்கும். பருவத்தின் தொடக்கத்தில் சந்தைக்கு வரும் பழத்துக்கோ நல்ல விலை. எனவே கார்பைடு கல் வைத்துக் காயைப் பழுக்கவைக்கும் முறைகேடு, உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருந்தும் ஆண்டுதோறும் பிடிபடுகிறது. தோல் மஞ்சளாகிறது, உள்ளே புளிப்பு மாறுவதில்லை. இதைச் செய்பவர் அனைவரும் பிறவியிலேயே வஞ்சகர் அல்லர். முந்தி வருவோருக்குப் பெருவிலையும், முறையாகக் காத்திருந்து வருவோருக்கு இறங்கிய விலையும் தரும் சந்தை, கல்லைக் கையில் எடுக்குமாறு அவர்களைத் தூண்டுகிறது. விளையாட்டுக் களத்திலும் நிகழ்வது ஏறத்தாழ இதுவே.

பரிசுகள் எனும் செங்குத்துச் சரிவு

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஆடவர் 100 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் பென் ஜான்சன் 9.79 வினாடியில் முதலாவதாக வந்தார். அமெரிக்காவின் கார்ல் லூயிஸ் 9.92, பிரிட்டனின் லின்போர்டு கிறிஸ்டி 9.97, அமெரிக்காவின் கால்வின் ஸ்மித் 9.99. முதலாமவருக்கும் நான்காமவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அந்நேரத்தின் ஒருபுறம் உலகப் புகழும் விளம்பர வருவாயும். மறுபுறம் பலரும் நினைவிற்கொள்ளாத ஒரு பெயர். திறமையில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு. பரிசிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. இவ்வாறு பரிசுகள் செங்குத்தாகச் சரியும் இடத்தில், அச்சிறு இடைவெளியை எவ்வழியிலேனும் கடந்துவிட வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பு.

நம் மாநிலத்தின் பரிசுகளையும் பார்ப்போம். ஒலிம்பிக்கில் தங்கம் வெல்லும் தமிழகத்தவருக்கு 3 கோடி ரூபாய், வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி என 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் ஒலிம்பிக் நம் வீடுகளுக்குத் தொலைவு. அண்மையில் இருப்பவை வேறு: அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு, காவல்துறை, இரயில்வே, இராணுவம் ஆகியவற்றில் விளையாட்டு வழிப் பணிவாய்ப்பு, கல்லூரிகளில் விளையாட்டுப் பிரிவு இடங்கள். இவை யாவும் நல்ல நோக்கத்துடன் அமைந்தவை. ஏழை வீட்டுப் பிள்ளைகளை இவை உயர்த்தியுள்ளன. இனியும் உயர்த்த வேண்டும். ஆயினும் அவற்றின் வடிவத்தைக் கவனியுங்கள். சான்றிதழில் குறித்த இடம் கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் மாதச் சம்பளம். ஒரு படி கீழே நின்றால் மறுநாள் மீண்டும் தோட்ட வேலை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தோல்வி ஒரு வருத்தம். தாய் ஜீப்பில் மலையேறும் வீட்டுப் பிள்ளைக்குத் தோல்வி என்பது, பல்லாண்டுகளாகக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்து வாங்கிய முட்டையும் பாலும் காலணியும் வீணாகிவிட்டதே என்னும் குற்றவுணர்வு. மருந்து விற்பவர் அக்குற்றவுணர்வை நன்கு அறிந்தே பேசுகிறார்.

“எல்லாரும் போடுறாங்க”

இரண்டு ஓட்டக்காரர்கள் இருக்கின்றனர். இருவரும் சமத் திறமையுடையோர். இருவரும் மருந்தைத் தொடாவிட்டால் போட்டி சமமாக இருக்கும். உடலும் நலமாக இருக்கும். இருவரும் உட்கொண்டாலும் போட்டி சமமாகவே இருக்கும். ஆனால் இரு உடல்களும் கெடும். ஆகவே இருவருக்கும் நன்மை தருவது தொடாதிருப்பதே. எனினும் ஒருவர் மனத்தில், ‘மற்றவர் இரகசியமாக உட்கொண்டால் என் நிலை என்ன?’ என்னும் ஐயம் நுழைந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஏமாற்றும் ஆசையைவிட, ஏமாறும் அச்சமே பலரைத் தள்ளுகிறது. சியோல் பந்தயம் முடிந்த மூன்றாம் நாள் ஸ்டானோசோலோல் என்னும் மருந்துக்காகப் பென் ஜான்சனின் பதக்கம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கனடா அரசு அமைத்த விசாரணையில் அவருடைய பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் அளித்த சாட்சியத்தின் சாரமும் இவ்வச்சமே: பிறர் உட்கொள்கையில் நாம் மட்டும் விலகி நின்றால் சமமான தொடக்கம் இல்லை என்றார் அவர்.

இந்தியாவிலும் இவ்வச்சத்துக்கு இடமில்லாமல் இல்லை. 2023 செப்டம்பரில் தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் அம்மாநிலத் தடகளப் போட்டி நடைபெற்றது. கழிவறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்த காட்சி பரவியது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’வின் அலுவலர்கள் மாதிரி எடுக்க வந்திருக்கின்றனர் என்று அறிந்ததும் போட்டியாளர் பலர் மறைந்துவிட்டனர். ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் தனியாக ஓடினார்.

ஆனால் ‘எல்லாரும்’ என்பது உண்மையா? உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘வாடா’வின் கணக்குப்படி, 2022இல் இந்திய முகமை சோதித்த 3,865 மாதிரிகளில் 125இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 2024இல் 7,113 மாதிரிகளில் 260. மிகுதியாகச் சோதிக்கும் நாடுகளில் இந்தியாவின் விகிதமே உயர்ந்தது என்பது நாணத்தக்க செய்தி. ஆயினும் அதே கணக்கை மறுபுறமிருந்து படித்தால், நூறு மாதிரிகளில் தொண்ணூற்றாறு தூயவை. சோதனைக்குத் தப்புவோரும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இருப்பினும் ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்பது விற்பனையாளரின் வாசகம். அதை நம்பி ஓடும் பிள்ளை, இல்லாத பகைவனுக்காகத் தன் கல்லீரலைப் பணயம் வைக்கிறது.

ஆதாயம் பலருக்கு, அபராதம் ஒருவருக்கு

தைக்குப் பின் அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் சல்லிக்கட்டு நடைபெறும்போது, வாடிவாசலுக்குள் நுழையுமுன் கால்நடை மருத்துவர்கள் காளைகளைப் பரிசோதிப்பதைக் கண்டிருப்பீர்கள். காளைக்கு எவரேனும் எதையேனும் புகட்டினால் அது மறுக்க இயலாது என்பதால் அப்பரிசோதனையை நியாயமெனக் கொள்கிறோம். மனிதர்தாம் மறுக்கக் கூடியவர் ஆயிற்றே என்று எண்ணுகிறோம். பதினாறு வயதுச் சிறுமி, தன்னைத் தேர்ந்தெடுத்து விடுதியில் சேர்த்த பயிற்சியாளர் ‘வைட்டமின்’ என்று நீட்டும் மாத்திரையை மறுப்பாளா?

கிழக்கு ஜெர்மனியில் 1970களிலும் 80களிலும் அரசே முன்னின்று ஆயிரக்கணக்கான வீரர்க்கு ஆண்மை இயக்குநீர் மருந்துகளைக் கொடுத்தது. அவர்களில் பலர் வயதுக்கு வந்தும் வராத சிறுமியர். தங்களுக்குக் கொடுக்கப்படுவது இன்னதென்றே அறியாதவர்கள். நாட்டுக்குப் பதக்கங்கள் குவிந்தன. அதிகாரிகள் பதவி உயர்வு பெற்றனர். பின்னாளில் இதய நோய், ஈரல் நோய், கருவுறுதலில் சிக்கல் ஆகியவற்றுடன் மருத்துவமனை வாயில்களில் காத்திருந்தோர் அப்பெண்கள். 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்பிரெட் எவால்டையும் மருத்துவர் மான்பிரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. ஆனால் இருவரும் சிறைக்குச் செல்லவில்லை, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு உண்டு. 2010இல் தில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் மகளிர் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. மறு ஆண்டு நடந்த சோதனைகளில் அவ்வணியின் மந்தீப் கௌர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி ஆகிய மூவருடன் வேறு சில ஓட்ட வீராங்கனைகளின் மாதிரிகளிலும் அனபாலிக் ஸ்டீராய்டு காணப்பட்டது. உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஓகோரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கிவந்த ஜின்செங் சத்துப்பொருளே காரணம் என்று வீராங்கனைகள் வாதாடினர். பயிற்சியாளர் பணிநீக்கம் பெற்றார். வீராங்கனைகளுக்கு முதலில் ஓராண்டுத் தடை. பின்னர் 2012இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அதை ஈராண்டாக உயர்த்தியது. உடலில் இருந்தால் அதற்கு உடலுக்குரியவரே பொறுப்பு என்பது விளையாட்டுச் சட்டத்தின் அடிப்படை விதி. கொடுத்தவர் யார் என்பது இரண்டாவது வினாவே.

நமக்கு இன்னும் அண்மையான நிகழ்வு திருச்சிராப்பள்ளி அருகே முடிகண்டம் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அவ்வூரின் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 வினாடியில் கடந்து தங்கம் வென்றார். தமிழகமே அவரைக் கொண்டாடியது, பரிசுத்தொகைகள் அறிவிக்கப்பட்டன. சில வாரங்களில் செய்தி மாறியது. அவருடைய மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டின் சுவடு காணப்பட்டது. தாம் தடைசெய்யப்பட்ட எதையும் உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். எனினும் 2019 மே முதல் 2023 மே வரை நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூவுக்குச் சென்றது. ஓர் ஓட்ட வீராங்கனையின் முப்பது வயதுக்குப் பின்னான நான்காண்டுகள் மீண்டு வருவன அல்ல. அவர் உடலில் அப்பொருள் சென்ற வழியைப் பற்றி நாங்கள் தீர்ப்புக் கூறவில்லை. வென்ற நாளில் அவரைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தையும், தீர்ப்பு வந்த நாளில் அவர் தனித்து நின்றதையும் மட்டும் நினைவூட்டுகிறோம்.

ஒரே மருந்து, இரு வழிகள்

இந்த இதழைப் படிக்கும் நோயாளிகளில் சிலருக்கு இந்நேரம் ஓர் ஐயம் எழுந்திருக்கும். ‘எனக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்துள்ளனரே?’ அஞ்ச வேண்டா. ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய் முதலியவற்றுக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் கார்டிகோஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது, அழற்சியைத் தணிப்பது. தசை பெருக்க உட்கொள்வது அனபாலிக் ஸ்டீராய்டு. அது வேறு வகை. பிரெட்னிசோலோனை மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தம் மருந்தை நிறுத்திவிடலாகாது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் எரித்ரோபொய்ட்டின் ஊசியை அறிவர். நலமான சிறுநீரகம் தானே சுரக்கும் இப்பொருள், எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தசோகை வருகிறது. அப்போது இவ்வூசி களைப்பைப் போக்கி நடமாட வைக்கிறது. அப்போதும் ஹீமோகுளோபின் அளவை அடிக்கடி சோதித்து, அது வரம்பு மீறி உயராமல் பார்த்துக்கொள்கிறோம். இதே ஊசியை நலமான மிதிவண்டிப் பந்தய வீரர் போட்டுக்கொண்டால் இரத்தம் தடித்து, உறைகட்டி, மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும். புற்றுநோயிலிருந்து மீண்டு, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஏழு முறை வென்றவர் என்று நோயாளிகள் பலர் போற்றிய லான்ஸ் ஆம்ஸ்டிராங், தாம் இதனைப் பயன்படுத்தியதை 2013இல் ஒப்புக்கொண்டார். ஏழு பட்டங்களும் அதற்கு முந்தைய ஆண்டே பறிக்கப்பட்டிருந்தன.

அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்தபின் இரத்த அழுத்தம் சரிந்தால் அதை உயர்த்தப் பயன்படும் மெபென்டெர்மின் ஊசி, இன்று சில உடற்பயிற்சிக் கூடங்களில் ‘சோர்வு தெரியாமலிருக்க’ விற்கப்படுகிறது. அரங்கில் அதைச் செலுத்துபவர் மயக்கவியல் மருத்துவர். நோயாளியின் நாடித்துடிப்பைக் கருவி ஒவ்வொரு நொடியும் காட்டிக்கொண்டிருக்கும். கூடத்தில் அவை எவையும் இல்லை. கால்வீக்கத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் ஃபுரோசமைடு மாத்திரையை எடைப்பிரிவுப் போட்டியாளர் சிலர் நீரை வெளியேற்றி எடை குறைக்க விழுங்குகின்றனர். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

எனவே மருந்து நல்லதா தீயதா என்னும் கேள்விக்குப் பொருளில்லை. யாருக்கு, எதற்காக, எவருடைய கண்காணிப்பில் என்பவையே கேள்விகள். நோயாளிக்கு மருந்து கொடுப்பவரின் நோக்கம் அவருடைய உடல் தேறுவது. போட்டியாளருக்குக் கொடுப்பவரின் நோக்கம் பதக்கமோ விற்பனையோ. உடல் அதற்குக் கருவி.

உடல் செலுத்தும் விலை

வாயால் உட்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டுகள், கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாதவாறு மாற்றி அமைக்கப்பட்டவை. அதனாலேயே கல்லீரல் முதலில் அடிபடுகிறது. பித்தம் தேங்கி மஞ்சள் காமாலையும் அரிப்பும் தோன்றுகின்றன. நல்ல கொழுப்பு குறைந்து தீய கொழுப்பு ஏறுகிறது. இதயத் தசை தடிக்கிறது. இளவயதிலேயே மாரடைப்புக்கு வழி திறக்கிறது. ஆண்களின் உடல் தன் சொந்த இயக்குநீரைச் சுரப்பதை நிறுத்திவிடுவதால் விந்தணுக்கள் குறைந்து, விரைகள் சுருங்கி, மார்பகம் பெருக்கலாம். நிறுத்திய பின்னும் பல மாதங்கள் சோர்வும் மனச்சோர்வும் நீடிக்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்று, முகத்தில் முடி வளர்ந்து, குரல் தடிக்கும். தடித்த குரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வளரும் பருவத்தினர்க்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முன்னதாகவே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். உயரம் அளந்து ஆளெடுக்கும் காவலர் தேர்வுக்காக மருந்தை உட்கொள்ளும் சிறுவன், அம்மருந்தாலேயே அத்தேர்வை இழக்கலாம். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவையும் சேரும்.

ஊழ் அன்று, மாற்றத்தக்கது

1980களில் பாப் கோல்ட்மேன் என்னும் அமெரிக்க மருத்துவர் வீரர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். ‘இம்மருந்தை உட்கொண்டால் நிச்சயம் தங்கம், ஆனால் ஐந்தாண்டில் மரணம். உட்கொள்வீர்களா?’ ஏறத்தாழ பாதிப்பேர் ‘ஆம்’ என்றனர். இவ்விடையைக் கேட்டோர் வீரரின் வெறி அப்படிப்பட்டது என்று கைவிட்டனர். ஆனால் 2013இல் வெளியான ஆய்வில் இதே கேள்வியைத் தடகள வீரர் 212 பேரிடம் கேட்டபோது ‘ஆம்’ என்றவர் இருவர் மட்டுமே. மரணமும் இல்லை, பிடிபடுதலும் இல்லை என்று கேள்வியை மாற்றியபோது அவ்வெண்ணிக்கை 25 ஆனது. அப்போதும் பெரும்பாலோர் மறுத்தனர். காலமும் கேட்கும் சூழலும் மாறினால் விடையும் மாறும் என்பதற்கு இதுவே சான்று. சோதனையும் தண்டனையும் ஒருபுறம் வேண்டும். வீட்டாராகிய நம்மால் செய்யக்கூடியவை மறுபுறம் உள்ளன.

குடும்பத்தாருக்குச் சில வேண்டுகோள்கள்

வீட்டில் உள்ள நோயாளியின் மருந்துகளைத் தனியே வைத்துப் பூட்டுங்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதினைந்து வயது ரஷியச் சறுக்கு வீராங்கனை கமிலா வலியேவாவின் முந்தைய மாதிரியில் டிரைமெடாசிடின் என்னும் இதய மருந்து காணப்பட்டது. தாத்தாவின் மருந்து தவறுதலாகத் தம் உடலில் சேர்ந்தது என்ற அவர் தரப்பின் விளக்கத்தை நடுவர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நான்காண்டுத் தடை உறுதியானது. நெஞ்சுவலி நோயாளிகள் பலரின் மருந்துப் பெட்டியில் இம்மாத்திரை இன்றும் இருக்கிறது.

போட்டிகளில் பங்குகொள்ளும் பிள்ளைக்கு நோய் வந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் ‘இவர் போட்டி விளையாட்டு வீரர்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். நீரிழிவு உடையோர்க்கு இன்சுலின் உயிர் காப்பது; ஆனால் அது தடைப்பட்டியலில் உள்ளது. முறையாக விண்ணப்பித்தால் சிகிச்சைக்கான விலக்கு கிடைக்கும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்னும் வரம்புக்குள் விலக்கு இன்றியே பயன்படுத்தலாம். தடைக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை.

புரதப் பொடி, ‘இயற்கைச் சத்து’ என்று வருபவற்றின் மேலட்டையை மட்டும் நம்பாதீர்கள். மேலட்டையில் இல்லாத பொருள்கள் உள்ளே கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்டுள்ளது. முட்டை, பால், பருப்பு, நிலக்கடலை, மீன் ஆகியவற்றால் வளரும் பிள்ளையின் புரதத் தேவையை நிறைவு செய்ய இயலும்.

சில வாரங்களில் உடல் திடீரெனப் பருத்தல், முதுகிலும் தோளிலும் கடுமையான பரு, காரணமில்லாச் சினம், உறக்கமின்மை, கண் மஞ்சளாதல், பெண் பிள்ளையின் குரல் மாற்றம் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் வாருங்கள். மருந்தை நிறுத்தினால் கல்லீரல் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும், தாமதமே தீங்கு.

இறுதியாக ஒன்று. பிள்ளை களத்திலிருந்து திரும்பியதும் ‘எத்தனையாவது இடம்?’ என்பதே நம்மில் பலர் கேட்கும் முதற்கேள்வி. அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் பரிசுகளின் செங்குத்துச் சரிவில் அக்கேள்வியும் ஒரு கல்லாகச் சேர்கிறது. ‘கால் வலி எப்படி இருக்கிறது? பயிற்சியில் யார் என்ன கொடுக்கிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தோற்றாலும் இவ்வீட்டில் தனக்கு இடம் உண்டு என்று அறிந்த பிள்ளையிடம் மருந்து விற்பவரின் பேச்சு எளிதில் எடுபடாது.

தொடக்கத்தில் கூறிய இளைஞர் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னதால் அவருக்குச் சரியான சிகிச்சை தொடங்கியது. உங்கள் வீட்டிலும் அத்தகைய டப்பாவோ குப்பியோ இருந்தால் தூக்கி எறிந்துவிடாமல் கையில் எடுத்து வாருங்கள். உள்ளே இருப்பது என்ன என்று அறிந்தால் சிகிச்சை எளிதாகும். நோயாளி சொல்வதைப் பிறரிடம் சொல்லாதிருப்பது மருத்துவரின் கடமை. நாங்கள் கடிந்துகொள்ளவும் மாட்டோம்.